கார் கம்பெனிங்க சொல்ற "பசுமை" எவ்வளவு நிஜம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு கார் ஃபேக்டரில பெயிண்ட் ஷாப்ல வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் அதே ஃபேக்டரில கரண்ட், தண்ணி, கழிவு கணக்கெல்லாம் பார்க்கிற டிபார்ட்மெண்ட்டுக்கு மாறினவன். என்ன வேலைன்னு கேக்கறவங்க கிட்ட இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி என்ன வரும்னு இப்ப எனக்கே மனப்பாடம். சொந்தக்காரங்க, டிரெயினிங்குக்கு வர்ற பசங்க, ஃபேக்டரி சுத்திப் பார்க்க வர்ற காலேஜ் ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் கேட்டதை அவங்க வார்த்தையிலயே கீழ போட்டிருக்கேன். மேலேர்ந்து வரிசையா படிங்க, முன்னாடி சொன்னதைப் பின்னாடி திரும்பச் சொல்லப் போறதில்ல.

1. கார் செய்யறவனே சுற்றுச்சூழலைக் காப்பாத்தறேன்னு சொல்றது, சாராயக்கடைக்காரன் மதுவிலக்கு பேசற மாதிரி இல்லையா?

கொஞ்சம் அப்படித்தான், மறுக்க மாட்டேன். ஆனா மனசு மாறித்தான் செய்யறாங்கன்னு யாரும் நம்ப வேண்டியதில்ல, பெரும்பாலும் சட்டம் கழுத்தைப் பிடிக்குது. ஐரோப்பாவுல ஒரு கம்பெனி வித்த கார்களோட சராசரி கார்பன் டை ஆக்சைடு (சுருக்கமா கார்பன்) அளவு, கிலோமீட்டருக்கு இத்தனை கிராம்ங்கற லிமிட்டைத் தாண்டினா, தாண்டின ஒவ்வொரு கிராமுக்கும் 95 யூரோ அபராதம், அதுவும் வித்த ஒவ்வொரு காருக்கும். பத்து லட்சம் கார் வித்த கம்பெனி ஒரே ஒரு கிராம் தாண்டினா எவ்வளவுன்னு நீங்களே பெருக்கிப் பாருங்க.

ரெண்டாவது காரணம் செலவு. கரண்டும் கேஸும் மிச்சமானா அது நேரா லாபம், அதுக்கு எந்த நல்ல மனசும் தேவையில்ல. அதனால "ஏன் செய்யறான்"ங்கறதை விட்டுட்டு "என்ன செஞ்சான், எவ்வளவு குறைஞ்சுது"ன்னு பார்க்கறதுதான் என் பழக்கம்.

2. சார், ஒரு காரால வர்ற மாசுல எது பெரிசு? ஃபேக்டரி புகையா, ரோட்டுல விடற புகையா?

பெட்ரோல், டீசல் கார்னா ரோடுதான், கிட்டக்கூட வராது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போற ஒரு காரை எடுத்துக்கோங்க. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடினா 10,000 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக மொத்தம் 23 டன். காரோட எடையே ஒரு டன், ஒன்னேகால் டன் தான் இருக்கும். தன் எடையை மாதிரி இருபது மடங்கு வாயுவை அது வாழ்நாள்ல ஊதித் தள்ளுது, எண்ணெய் எடுக்கற, சுத்திகரிக்கற கணக்கை இன்னும் சேர்க்கவே இல்ல.

பெரிய கம்பெனிங்க வருஷா வருஷம் போடற ரிப்போர்ட்டைப் புரட்டினா, மொத்த கார்பன்ல முக்கால் பங்குக்கு மேல "வித்த கார் ஓடும்போது வர்றது"ன்னு இருக்கும். சொந்த ஃபேக்டரி பங்கு ஒற்றை இலக்க சதவீதம். மிச்சம் ஸ்டீல், அலுமினியம், பேட்டரி, பிளாஸ்டிக்னு வெளியிலேர்ந்து வாங்கற பொருள்ல வர்றது. இந்த மூணு கூறையும் ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ பாதி கேள்விக்கு இதுலேர்ந்துதான் பதில்.

3. ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதான், அதுலேர்ந்து 2.3 கிலோ எப்படி வரும்? கணக்கு இடிக்குதே

நல்லா கவனிச்சிருக்கீங்க. மிச்ச எடை காத்துலேர்ந்து வருது. ஒரு லிட்டர் பெட்ரோல்ல ஏறக்குறைய 640 கிராம் கார்பன் இருக்கு, அது எரியும்போது ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் 32 கிராம் ஆக்சிஜனைப் பிடிச்சுக்கும். கூட்டிப் பாருங்க, 2.3 சொச்சம் வரும். டாங்க்ல இருந்ததை விட மூணு மடங்கு எடை பின்னாடி குழாய் வழியா போகுது, கண்ணுக்குத் தெரியாததால யாரும் நம்பறதில்ல.

4. அதான் சைலன்சர்ல கேடலிடிக் கன்வெர்ட்டர் இருக்கே, எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடாதா?

அது சுத்தம் பண்றது வேற. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு, இந்த மூணு விஷத்தைத்தான் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசின அந்தத் தேன்கூடு மாத்தி விடுது. எதுவா மாத்துது? தண்ணி, நைட்ரஜன், அப்புறம் அதே கார்பன் டை ஆக்சைடு. அதாவது நம்ம மூச்சுக்கு நல்லது, பூமி சூட்டுக்கு ஒண்ணும் உதவாது.

ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறவங்கதான் அதிகம். ஊர்க்காத்து மாசு ஒரு பிரச்சனை, பருவநிலை இன்னொரு பிரச்சனை. ஒண்ணைக் குறைக்கப் போய் இன்னொண்ணைக் கூட்டின கதையும் உண்டு, 17ல சொல்றேன்.

5. ஃபேக்டரிக்குள்ள எது அதிகமா கரண்ட் சாப்பிடுது? ரோபோ வெல்டிங் தானே, தீப்பொறி பறக்குதே

எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க. சுத்திப் பார்க்க வர்றவங்க செல்ஃபோனைத் தூக்கறதும் அங்கதான். ஆனா எனர்ஜியை விழுங்கறது நான் இருந்த பெயிண்ட் ஷாப், ஒரு அசெம்பிளி ஃபேக்டரியோட மொத்தத் தேவையில பாதியைக்கூட அது ஒண்ணே எடுத்துக்கும்.

ஏன்னு சொல்றேன். வெறும் இரும்பா வர்ற பாடியை முதல்ல கழுவி, ரசாயனத் தொட்டிகள்ல முக்கி, அப்புறம் பெரிய பெயிண்ட் குளத்துல முழுசா அமுக்கி கரண்ட் பாய்ச்சுவாங்க, துரு பிடிக்காம இருக்க மூலை முடுக்கெல்லாம் பெயிண்ட் ஒட்டணும். வெளிய வந்ததும் 150 டிகிரிக்கு மேல ஓவன். அப்புறம் பிரைமர், திரும்ப ஓவன். அப்புறம் கலர், மேல பளபளப்புக் கோட்டிங், திரும்பவும் ஓவன். ஸ்ப்ரே பண்ற பூத்துல காத்து மேலேர்ந்து கீழ இறங்கிட்டே இருக்கணும், அந்தக் காத்தோட சூடும் ஈரப்பதமும் ஒரே அளவுல நிக்கணும், கொஞ்சம் மாறினாலும் பெயிண்ட் வழியும் இல்ல தோல் மாதிரி சுருங்கும். பழைய டிசைன்ல இப்படிக் கஷ்டப்பட்டுப் பதப்படுத்தின காத்தை ஒரு தடவை பூத்துக்குள்ள விட்டுட்டு அப்படியே புகைபோக்கி வழியா வெளிய அனுப்பிடுவோம். குளிர் நாள்ல மாடிக்குப் போனா அந்தக் குழாய்ப் பக்கம் நின்னு கை காய்ச்சிப்போம், அப்ப அது எவ்வளவு பெரிய வீணடிப்புன்னு உறைக்கல.

இப்ப மாத்தறது இந்த இடத்துலதான். பூத் காத்துல பெரும்பகுதியைச் சுத்தம் பண்ணித் திரும்ப உள்ளயே விடறாங்க. முன்னாடி தெறிச்ச பெயிண்டைப் பிடிக்க கீழ தண்ணித் திரை ஓடும், அதுல சேர்ற சேறு மாதிரி கழிவை அள்ளிப் போடறது தனி நரகம், இப்ப சுண்ணாம்புக்கல் பொடி இல்லன்னா அட்டை ஃபில்டர்லயே உலர்வாப் பிடிச்சுடறாங்க. பிரைமருக்குத் தனி ஓவனே இல்லாம ஈரத்து மேல ஈரம் அடிச்சு கடைசில ஒரே தடவை சுடற முறையும் வந்தாச்சு. ஒரு ஓவனை லைன்லேர்ந்தே எடுக்கறதுன்னா பல வருஷத்துக்கு கேஸ் மிச்சம்.

6. தண்ணி பெயிண்ட்டுக்கு மாறினதால புது கார் எல்லாம் கலர் சீக்கிரம் மங்குதாமே?

இல்ல. தண்ணில கரையற பெயிண்ட் கலர் லேயருக்குத்தான், அதுக்கு மேல வெயிலைத் தாங்கற பளபளப்புக் கோட்டிங் தனியா இருக்கு. மாத்தினதுக்குக் காரணம் பழைய பெயிண்ட்ல தின்னர் ஆவி அவ்வளவு வரும், ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா சட்டையிலயே வாசனை போகாது, அந்த ஆவி வெயில்ல நைட்ரஜன் ஆக்சைடோட சேர்ந்து தரைமட்ட ஓசோனா மாறி நெஞ்சை அடைக்கும். தண்ணி பெயிண்ட்ல ஒரே தலைவலி அது சீக்கிரம் காயாது, காய வைக்க சூடு வேணும். எனர்ஜி கணக்குல அது ஒரு இழப்புதான், அதையும் சொல்லிடறேன்.

7. அண்ணே, கூரை முழுக்க சோலார் போட்டுட்டா ஃபேக்டரி பிரச்சனை முடிஞ்சுதே?

கூரை பத்தாது. கார் ஃபேக்டரிக்கு வேண்டியது பகல் ராத்திரின்னு பாக்காத கரண்ட், அதுக்கு மேல ஓவனுக்கு கேஸ். சோலார் ஒரு பங்கு கொடுக்கும், மிச்சத்துக்கு வெளியில காத்தாலை, சோலார் பண்ணையோட நீண்டகால ஒப்பந்தம் போடுவாங்க. பிஎம்டபிள்யூ லைப்சிக் ஃபேக்டரி வளாகத்துலயே நாலு காத்தாலை நட்டிருக்காங்க, அந்த மாதிரி இடம் எல்லாருக்கும் கிடைக்காது.

எனக்கு சோலார் ரிப்பன் கட்டிங்கை விட பிடிச்ச விஷயம் லீக் தேடறது. ஃபேக்டரில பாதி டூல் அழுத்தக் காத்துலதான் ஓடும், அந்தக் காத்தைத் தயாரிக்கற கம்ப்ரஸர் சாப்பிடற கரண்ட்ல பெரும்பகுதி வெறும் சூடாப் போயிடும், பத்துல ஒரு பங்கு வேலையாத் திரும்பினா பெரிசு. ஒரு ஞாயித்துக்கிழமை லைன் முழுக்க நின்ன பிறகு நாங்க நாலு பேர் கையில மஞ்சள் டேக் கட்டை வச்சுக்கிட்டு பாடி ஷாப்ல நடந்தோம். ஆள் இல்ல, மெஷின் ஓடல, ஆனா எல்லாப் பக்கத்துலேர்ந்தும் ஸ்ஸ்ஸ்னு சத்தம், பாம்புப் புத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி. சத்தம் வர்ற ஒவ்வொரு இடத்துலயும் டேக் கட்டிட்டே போனா பாதி ஷாப் முடியறதுக்குள்ள டேக் தீர்ந்து போச்சு. யாருக்கும் தேவையில்லாத அந்தக் காத்துக்காக கம்ப்ரஸர் லீவு நாள் முழுக்க ஓடிட்டு இருந்திருக்கு. இதைச் சரி பண்ண வேண்டியது ரப்பர் குழாயும் கிளிப்பும், வேற ஒண்ணும் இல்ல. ஆனா இதையெல்லாம் யாரும் விளம்பரத்துல காட்ட மாட்டாங்க.

8. மரம் நடறது, கூரையில புல் வளர்க்கறது எல்லாம் ஷோ தானே?

மரம் நடறதுல பாதிக்கு மேல ஃபோட்டோவுக்குன்னுதான் நான் நினைக்கறேன். ஆனா கூரைப் புல்லை அப்படித் தள்ள முடியாது. ஃபோர்டு கம்பெனி டியர்போர்ன்ல இருக்கிற டிரக் ஃபேக்டரி கூரையில 10 ஏக்கருக்கு மேல சீடம்னு ஒரு குட்டைச் செடி வளர்த்தாங்க, இருபது வருஷம் தாண்டியாச்சு. அது கார்பனுக்காக இல்ல, மழைத்தண்ணிக்காக. அவ்வளவு பெரிய கூரையிலேர்ந்து ஒரே நேரத்துல கொட்டற தண்ணி ஆத்துக்கு அழுக்கை அள்ளிட்டுப் போகும், செடி அதை உறிஞ்சி மெதுவா விடுது. எதுக்காகச் செஞ்சாங்கன்னு தெரிஞ்சா ஷோவா வேலையான்னு தெரிஞ்சுடும்.

9. "குப்பைமேட்டுக்கு ஜீரோ கழிவு"ன்னு போர்டு வச்சிருக்காங்களே, நிஜமா ஒண்ணுமே வெளிய போகாதா?

வெளிய போகும், குப்பைமேட்டுல புதைக்க மாட்டாங்க, அவ்வளவுதான். சுபாரு அமெரிக்காவுல இண்டியானா ஃபேக்டரில 2004லயே இதைச் செஞ்சு காட்டினாங்க. கழிவுல பெரும்பங்கு பிரஸ் ஷாப்ல வெட்டின தகட்டுத் துண்டு, அது எப்பவுமே காசு, யாரும் எறிஞ்சதே இல்ல. கஷ்டமானது பெயிண்ட் சேறு, எண்ணெய்த் துணி, கலந்த பிளாஸ்டிக்.

கேக்க வேண்டியது, அந்த "ஜீரோ"வுல எவ்வளவு எரிச்சு கரண்ட் எடுத்தது, எவ்வளவு நிஜமாவே திரும்பப் பொருளாச்சுன்னு. எரிக்கறதையும் ஜீரோன்னு எழுதிக்கலாம், விதி அப்படி. பார்ட்ஸ் வர்ற பெட்டியை அட்டையிலேர்ந்து திரும்பப் போய் வர்ற பிளாஸ்டிக் டிரேவுக்கு மாத்தறது மாதிரி, கழிவே உருவாகாம பண்றதுதான் என் கண்ணுக்கு அசல் வேலை.

10. ஈவி (எலெக்ட்ரிக் கார்) பேட்டரி செய்யறதுலயே அத்தனை மாசு, அப்புறம் அது எப்படிங்க பசுமை?

முதல் பாதி உண்மை. வால்வோ 2021ல தன்னோட சி40 எலெக்ட்ரிக் காரையும் அதே சைஸ் பெட்ரோல் எக்ஸ்சி40யையும் பக்கத்துல வச்சு கணக்குப் போட்டு வெளியிட்டாங்க. ஈவி தயாரிக்கும்போது வர்ற கார்பன் கிட்டத்தட்ட 70% அதிகம்னு அவங்களே எழுதினாங்க. விக்கறவன் தன் பொருளைப் பத்தி இப்படி எழுதறது அபூர்வம், அதனாலயே அந்த ரிப்போர்ட் மேல எனக்கு மரியாதை.

அதாவது ஷோரூம்லேர்ந்து வெளிய வரும்போது ஈவி கடன்ல இருக்கு. ஓட ஓட அடையுது. காத்தாலை கரண்ட்ல சார்ஜ் பண்ணினா 49,000 கிலோமீட்டர்ல கடன் தீரும், ஐரோப்பாவோட சராசரி கரண்ட்ல 77,000, உலக சராசரி கரண்ட்ல 1,10,000. அவங்க எடுத்துக்கிட்ட ஆயுள் 2 லட்சம் கிலோமீட்டர், அதனால எந்தக் கணக்குலயும் கடைசில ஈவிதான் கம்மி. ஆனா எவ்வளவு கம்மிங்கறது உங்க பிளக் பாயிண்டுக்குப் பின்னாடி என்ன எரியுதுங்கறதைப் பொறுத்தது.

11. கரண்டே நிலக்கரில வருதுன்னா புகையை இங்கேர்ந்து அங்க மாத்தினதுதானே?

10ல சொன்ன 1,10,000 அந்த மாதிரி கலவைக்குத்தான், உலக சராசரில நிலக்கரிதான் பெரிய பங்கு. ரெண்டு விஷயம் சேர்த்துப் பாருங்க. பெட்ரோல் எஞ்சின் எரிபொருள்ல இருக்கிற சக்தில கால் பங்கைத்தான் சக்கரத்துக்கு அனுப்பும், மிச்சம் ரேடியேட்டர் சூடு. மோட்டார் வீணாக்கறது ரொம்பக் கம்மி, பிரேக் பிடிச்சா கொஞ்சம் திரும்பவும் பேட்டரிக்குப் போகுது. அப்புறம், இன்னைக்கு வாங்கின பெட்ரோல் கார் பத்து வருஷம் கழிச்சும் அதே புகைதான் விடும், ஆனா கரண்ட் கிரிட் அதுக்குள்ள சுத்தமானா பழைய ஈவியும் தானா சுத்தமாகும்.

12. அப்போ ப்ளக்-இன் ஹைபிரிட் வாங்கினா ரெண்டு பக்கமும் லாபம்ல?

ப்ளக்-இன் ஹைபிரிட்னா பெட்ரோல் எஞ்சினும் இருக்கும், வெளியில சார்ஜ் போடற பேட்டரியும் மோட்டாரும் இருக்கும். பேப்பர்ல ரெண்டு பக்கமும் லாபம்தான். ஐரோப்பியக் கமிஷன் 2024ல காருக்குள்ளயே பதிவான நிஜ எரிபொருள் கணக்கை வாங்கிப் பார்த்தப்போ, ப்ளக்-இன் ஹைபிரிட் டெஸ்ட்ல சொன்னதை விட 3.5 மடங்கு கார்பன் விடுதுன்னு தெரிஞ்சுது. சாதா பெட்ரோல், டீசல் கார்ல அந்த வித்தியாசம் 20% தான். காரணம் எளிசு, நிறைய பேர் ப்ளக்கே பண்றதில்ல, கனமான பேட்டரியைச் சும்மா தூக்கிட்டு பெட்ரோல்ல ஓட்டறாங்க. தினமும் ராத்திரி சார்ஜ் போடற ஆளா நீங்கன்னு மனசாட்சியைக் கேட்டுட்டு வாங்குங்க.

சாதா ஹைபிரிட் வேற ஜாதி, டொயோட்டா 1997ல பிரியஸ்ல கொண்டு வந்தது. அதுல ப்ளக்கே கிடையாது, அதனால ஏமாத்தவும் வழி இல்ல.

13. ஈவி வந்த பிறகு ஃபேக்டரி, ஸ்டீல் எல்லாம் முக்கியம்னு சொல்றீங்க, 2வது பதில்ல அது சின்னதுன்னீங்களே?

பெட்ரோல் கார்ல சின்னது. ஓடும்போது வர்றது குறைஞ்சா, மிச்சம் நிக்கறது செய்யும்போது வந்ததுதானே. அதான் இப்ப கார் கம்பெனிங்க ஸ்டீல் மில் வாசல்ல நிக்கறாங்க.

இரும்புத் தாதுல இரும்பு ஆக்சிஜனோட ஒட்டிக்கிட்டு இருக்கும். ஊது உலையில நிலக்கரிலேர்ந்து செஞ்ச கோக் அந்த ஆக்சிஜனைப் பிடுங்கும், கார்பன் டை ஆக்சைடா போகும், ஒரு டன் ஸ்டீலுக்குச் சுமார் 2 டன். நிலக்கரிக்குப் பதிலா ஹைட்ரஜனை விட்டா அதே ஆக்சிஜன் தண்ணி ஆவியாப் போயிடும். ஸ்வீடன்ல ஹைபிரிட்ங்கற பேர்லயே ஒரு கூட்டு முயற்சி, கார் ஹைபிரிட்டோட குழப்பிக்காதீங்க, எஸ்எஸ்ஏபி ஸ்டீல் கம்பெனி, எல்கேஏபி சுரங்கம், வாட்டன்ஃபால் மின்சாரக் கம்பெனி மூணும் சேர்ந்தது. 2021 ஆகஸ்ட்ல முதல் ஸ்டீலை டிரக் செய்யற வால்வோ குழுமத்துக்குக் கொடுத்தாங்க. ஹைட்ரஜனைச் சுத்தமான கரண்ட்ல தண்ணியைப் பிரிச்சு எடுக்கணும், அந்தக் கரண்ட் எவ்வளவு வேணும்ங்கறதுலதான் விலை ஏறுது.

அலுமினியத்துல வழி இன்னும் சுலபம். பழசை உருக்கினா புதுசு செய்யற எனர்ஜில 5% போதும். ஆனா ரகம் கலந்தா மதிப்பு போச்சு. பிரஸ் பக்கத்துலயே துண்டுகளை ரகம் வாரியாப் பிரிச்சு அதே மில்லுக்குத் திருப்பி அனுப்பறது அதனாலதான், ஃபோர்டு எஃப்-150 டிரக் பாடியை அலுமினியத்துக்கு மாத்தினப்போ அந்த ஏற்பாட்டையும் சேர்த்தே கட்டினாங்க.

14. பேட்டரி செத்துப் போனா மலை மாதிரி குவியுமே, அதை என்ன பண்ணுவீங்க?

"செத்துப் போச்சு"ன்னு காரை விட்டு இறங்கற பேட்டரில இன்னும் நிறைய உயிர் இருக்கும், காருக்கு வேண்டிய தூரம் கொடுக்காது அவ்வளவுதான். நிசான் 2010லயே சுமிடோமோவோட சேர்ந்து 4ஆர் எனர்ஜின்னு இதுக்குன்னே கம்பெனி ஆரம்பிச்சாங்க. ஆம்ஸ்டர்டாம் யோஹன் கிரைஃப் அரீனா ஸ்டேடியத்துல 2018லேர்ந்து நிசானோட லீஃப் எலெக்ட்ரிக் கார் பேட்டரிகளை அடுக்கி கரண்ட் சேமிக்கறாங்க, பழசும் புதுசும் கலந்து.

அதுக்கப்புறம்தான் உடைச்சு நிக்கல், கோபால்ட், லித்தியம் எடுக்கறது. ஐரோப்பாவோட 2023 பேட்டரி சட்டப்படி 2031லேர்ந்து புது கார் பேட்டரில இருக்கிற கோபால்ட்ல குறைஞ்சது 16%, லித்தியத்துல 6%, நிக்கல்ல 6% மறுசுழற்சில வந்ததா இருக்கணும். கம்மியாத் தெரியலாம். இன்னைக்கு ஓடற ஈவில பெரும்பாலானது இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, உடைக்கப் பழைய பேட்டரியே போதுமான அளவு வரல.

15. பழைய காரை உடைச்சா முழுசா திரும்பக் கிடைக்குமா?

ஐரோப்பாவுல 2015லேர்ந்து விதி, எடைல 95% ஏதாவது ஒரு வகையில பயன்படணும், அதுல மறுபயன்பாடும் மறுசுழற்சியும் மட்டும் 85%. வித்தியாசம் 10% எரிக்கறதுக்கு, 9ல சொன்ன அதே விஷயம். எடைல பெரும்பாலும் இரும்புங்கறதால 85 எட்டறது அவ்வளவு கஷ்டம் இல்ல.

வெளிய தெரியாத சிக்கல் ஒயர்ல இருக்கு. காரை அப்படியே அரைச்சா செம்பு ஒயர் துண்டு இரும்போட கலந்துடும், உருக்கின பிறகு செம்பைப் பிரிக்க முடியாது, கொஞ்சம் இருந்தாலும் சூட்டுல உருட்டும்போது தகடு மேல வெடிப்பு விடும். அதனால கார் ஸ்டீல் திரும்பக் கார் கதவா ஆகாம கட்டட முறுக்குக் கம்பியா ஆகுது. தீர்வு டிசைன்லயே இருக்கு, ஒயர் மொத்தத்தையும் ஒரே இழுப்புல உருவற மாதிரி வைக்கணும். அப்படி வைக்கச் சொல்லி டிசைன்காரங்க கிட்ட பேசறது சுவர் கிட்ட பேசற மாதிரி, என் அனுபவம்.

எஞ்சின், கியர்பாக்ஸைப் புதுப்பிச்சு விக்கறது இன்னும் நல்ல வழி. ரெனோ பாரிஸ் பக்கத்துல ஷ்வாசி-ல-ருவாவுல 1949லேர்ந்து அதைப் பண்ணாங்க, அப்ப சுற்றுச்சூழல்னு யாரும் பேசவே இல்ல, உதிரி பாகம் கிடைக்கறது கஷ்டம், அதான்.

16. எலெக்ட்ரிக்னா புகையே இல்ல, அப்போ காத்து மாசு ஜீரோதானே?

குழாய்ப் புகை ஜீரோ. டயர் தேயறதும் பிரேக் தேயறதும் தூளாக் காத்துலதான் கலக்குது. ஈவில மோட்டாரே வேகத்தைக் குறைக்கறதால பிரேக் தூள் கம்மி, எடை அதிகம்ங்கறதால டயர் தூள் அதிகமாகலாம். ஐரோப்பாவோட யூரோ 7 விதிலதான் முதல் தடவையா பிரேக் தூளுக்கே லிமிட் வச்சிருக்காங்க, முழு ஈவிக்கு கிலோமீட்டருக்கு 3 மில்லிகிராம், பெரும்பாலான மத்த கார்களுக்கு 7.

17. டீசல் விஷயத்துல உலகத்தையே ஏமாத்தினவங்கதானே, இவங்க சொல்ற நம்பரை எப்படி நம்பறது?

அப்படியே நம்பாதீங்க. 2015 செப்டம்பர்ல அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி ஃபோக்ஸ்வாகன் மேல நோட்டீஸ் விட்டப்போ வெளிய வந்தது இதுதான்: டெஸ்ட் நடக்குதுன்னு காரே கண்டுபிடிச்சு அப்ப மட்டும் நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்தற சாஃப்ட்வேர், உலகம் முழுக்க 1.1 கோடி கார்ல. ரோட்டுல லிமிட்டை விட 40 மடங்கு வரைக்கும் போச்சு. டீசல் கார்பன் கம்மின்னு சொல்லித்தான் வித்தாங்க, 4ல சொன்ன குழப்பம் இதுதான்.

பிடிச்சது எப்படின்னா வெஸ்ட் வர்ஜினியா யுனிவர்சிட்டி ஆளுங்க டிக்கில அளக்கற கருவியைக் கட்டிக்கிட்டு நிஜ ரோட்டுல ஓட்டிப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் ஐரோப்பாவுல ரோட்டுல அளக்கறதும் சட்டமாச்சு. அந்தக் கதையிலேர்ந்து என் பழக்கம், நம்பரை விட அதை யார் எங்க அளந்தாங்கன்னு முதல்ல பார்க்கறது.

18. "2050ல நெட் ஜீரோ", "கார்பன் நியூட்ரல் ஃபேக்டரி" இதெல்லாம் படிக்கும்போது எதைக் கவனிக்கணும்?

ரெண்டு வார்த்தைக்கும் அர்த்தம், விடற கார்பன்லேர்ந்து ஈடு கட்டறதைக் கழிச்சா பூஜ்யம்னு. முதல்ல பார்க்க வேண்டியது, அது ஃபேக்டரிக்கா, மொத்தக் கம்பெனிக்கா, காரோட முழு ஆயுளுக்கான்னு. ஃபேக்டரி மட்டும்னா 2வது பதில்ல பார்த்த அந்தச் சின்னப் பங்கு. டொயோட்டா 2015ல அறிவிச்ச 2050 இலக்குல புது கார் விடற கார்பனை 2010 அளவுலேர்ந்து 90% குறைக்கறோம்னு எழுதினாங்க, ஃபேக்டரியும் காரோட ஆயுளும் தனித்தனித் தலைப்பு. எட்டுவாங்களா இல்லையாங்கறது வேற, அடிப்படை வருஷம் போட்டு எழுதினா பின்னாடி பிடிச்சுக் கேக்கலாம்.

அப்புறம் "ஒரு காருக்கு இவ்வளவு குறைச்சோம்"ங்கற வாக்கியம். நான் அந்த மாதிரி ஸ்லைடு போட்டவன், அதனால சொல்றேன். ஒரு காருக்கு 20% குறைஞ்சு உற்பத்தி 50% கூடினா மொத்தம் 20% ஏறுது, ஆனா ஸ்லைடுல பச்சை அம்பு கீழதான் இறங்கும். இன்னொண்ணு, பம்பர் பெயிண்டிங்கை சப்ளையர் கிட்ட தள்ளிட்டா நம்ம ஃபேக்டரி கணக்கு ஒரே ராத்திரில அழகாயிடும், புகை அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். காசு கொடுத்து வாங்கற ஆஃப்செட் (வேற யாரோ குறைச்ச கார்பனை நம்ம கணக்குல கழிச்சுக்கறது) எவ்வளவுன்னு அடிக்குறிப்புல பாருங்க, பெரும்பாலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

19. இவ்வளவு செஞ்சும் ஏன் பெரிசா ஒண்ணும் குறையல?

குறைஞ்சதைக் காரோட சைஸ் தின்னுடுச்சு. சர்வதேச எரிசக்தி முகமை கணக்குப்படி 2023ல உலகத்துல வித்த கார்ல 48% எஸ்யூவி, அது நடுத்தர காரை விட 200, 300 கிலோ எடை அதிகம். எஞ்சின்காரங்க ராத்திரி பகலா உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா மிச்சம் பிடிச்சதை மார்க்கெட்டிங் ஒரே மாடல்ல செலவு பண்ணிடும். ஈவியும் தப்பல, பெரிய வண்டிக்குப் பெரிய பேட்டரி, அப்போ 10ல சொன்ன கடனும் பெரிசு. லாபம் பெரிய கார்லதான் இருக்குங்கற வரைக்கும் கம்பெனி தானா சின்னதுக்கு வராது.

20. என் பழைய பெட்ரோல் காரை வச்சுக்கவா, வித்துட்டு ஈவி வாங்கவா?

10ல சொன்ன 49,000, 77,000 எல்லாம் ரெண்டு புது காரை ஒப்பிட்டது, கவனிங்க. உங்க பழைய காரைச் செஞ்ச கார்பன் ஏற்கனவே போயாச்சு, அதனால புது ஈவியோட முழுத் தயாரிப்புக் கணக்கும் கடன்தான், தீர இன்னும் தூரம் ஆகும். வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டறவர்னா சில வருஷத்துல தாண்டிடுவீங்க, மாத்தறது சரி. 3,000, 4,000 ஓட்டறவர்னா வச்சுக்கோங்க, டயர்ல காத்து சரியா இருக்கான்னு மாசம் ஒரு தடவை பாருங்க. வித்தாலும் அந்தப் பழைய கார் நிக்கப் போறதில்ல, வேற யாரோ ஓட்டத்தான் போறாங்க, அதையும் கணக்குல வைங்க.

21. மாமா, இவ்வளவு பேசறீங்களே, நீங்க என்ன கார் வச்சிருக்கீங்க?

பதினோரு வருஷம் ஆன சின்ன பெட்ரோல் கார். வேலைக்குக் கம்பெனி பஸ், அதனால கார் வருஷத்துக்கு 4,000 தாண்டறதில்ல. கதவோரம் ஒரு இடத்துல பெயிண்ட் தோல் மாதிரி சுருங்கியிருக்கு, பூத் காத்துல அன்னைக்கு ஈரப்பதம் எகிறியிருக்கும்னு பார்க்கறப்போ எல்லாம் தோணும்.